ஜான் வுட்டன்: ஆடுகளத்துக்குப் போன ஆங்கில ஆசிரியர்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், அந்நாளில் ஆண்டுதோறும் அக்டோபர் நடுவில் கூடைப்பந்து அணியின் பயிற்சி தொடங்கும். சுருக்கமாக யூ.சி.எல்.ஏ. என்று அழைக்கப்படும் அந்தப் பல்கலைக்கழகத்தின் அணியில் இடம் பெறுவதென்பது, 1960களிலும் 70களின் முற்பகுதியிலும், அமெரிக்கப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு வாய்க்கக்கூடிய பெரும்பேறு. ஆறரை அடியும் ஏழடியுமாக வளர்ந்த அந்த இளைஞர்கள், முதல் நாள் பயிற்சியில் ஏதோ மந்திரத்தை உபதேசிக்கப் போகிறார்கள் என்று காத்திருப்பார்கள். பயிற்சியாளரோ காலுறையை எப்படி அணிவது என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்குவார். குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் சுருக்கமே இருக்கக் கூடாது. விரலால் தடவிப் பார்த்து நீவிவிட வேண்டும். பிறகு காலணியின் கயிற்றை ஒவ்வொரு துளையாக இழுத்து இறுக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சி தவறும். இவ்வளவுதான் அன்றைய பாடம். புதிதாய் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களாம்.

அந்தப் பயிற்சியாளர் ஜான் வுட்டன். பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து தேசியப் பட்டங்களை வென்றவர். அவற்றுள் ஏழு தொடர்ச்சியாக வந்தவை. 1971 முதல் 1974 வரை அவருடைய அணி தொடர்ந்து 88 ஆட்டங்களில் தோல்வியையே அறியவில்லை. விளையாட்டு உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது இந்த எண்களுக்காகத்தான். நாம் கூடைப்பந்தைக் கையால் தொட்டவரல்லர். எண்களில் நமக்குப் பெரிய ஈடுபாடும் கிடையாது. நம்மை அவர்பால் ஈர்த்தது வேறொரு செய்தி. அவர் பட்டம் பெற்றது ஆங்கில இலக்கியத்தில். பதினோர் ஆண்டுகள் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தவர். கடைசிவரை தம்மை ஆசிரியர் என்றே கருதியவர்.

நம் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் என்று ஒருவர் தனியே இருப்பார். கணக்கு ஆசிரியருக்கு நேரம் போதவில்லையென்றால் முதலில் பறிபோவது அவருடைய வகுப்புதான். அன்றைய அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளிகளில் ஏற்பாடு வேறு. காலையில் ஆங்கிலமோ வரலாறோ கற்பிப்பவரே மாலையில் அணியைப் பயிற்றுவிப்பார். வகுப்பறை, ஆடுகளம் என்ற இரண்டும் ஒரே மனிதரின் பொறுப்பு. வுட்டனைப் புரிந்துகொள்ள இந்த ஏற்பாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

அவர் 1910 அக்டோபர் 14 அன்று இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத பண்ணை வீடு. இரவு விளக்கொளியில் தந்தை ஜோஷுவா பிள்ளைகளுக்கு விவிலியத்தையும் கவிதைகளையும் படித்துக் காட்டுவார். தக்காளிக் கூடை ஒன்றின் அடிப்பகுதியைத் தட்டியெடுத்துவிட்டு, வைக்கோல் பரணில் ஆணியடித்துக் கொடுத்தவரும் அவரே. தாயின் பழைய காலுறைக்குள் கந்தல் துணிகளைத் திணித்துத் தைத்ததுதான் பந்து. பின்னாளில் காலுறையிலிருந்து பாடத்தைத் தொடங்கிய மனிதரின் முதல் பந்தே ஒரு காலுறை என்பது தற்செயல்தான். ஆயினும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பின்னர் பன்றிகள் நோயில் மடிந்தன, பண்ணையும் கைவிட்டுப் போனது. குடும்பம் மார்ட்டின்ஸ்வில் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தது. ஊரின் மக்கள்தொகையைவிட விளையாட்டரங்கின் இருக்கைகள் அதிகம் என்று சொல்லப்பட்ட ஊர் அது. அவ்வூர்ப் பள்ளி 1927இல் மாநிலப் பட்டம் வென்றபோது வுட்டன் அந்த அணியில் இருந்தார்.

பர்டியூ பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தது பொறியியல் படிக்க. கோடை விடுமுறைதோறும் நில அளவை முகாமுக்குப் போக வேண்டும் என்றார்கள். கோடையில் கூலி வேலை செய்தால்தான் அடுத்த ஆண்டுச் செலவுக்குப் பணம். ஆகவே பொறியியலை விட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். வறுமை எத்தனையோ பேரை இலக்கியத்திலிருந்து விரட்டியிருக்கிறது. இவரை இலக்கியத்துக்குள் தள்ளியது. ஆட்டத்திலும் அவர் சாமானியர் அல்லர். மூன்று முறை அனைத்து அமெரிக்க அணிக்குத் தெரிவு செய்யப்பட்டவர். 1932இல் பட்டம் பெற்றார். பள்ளிக் காலத்திலிருந்து நேசித்த நெல்லி ரைலியை அவ்வாண்டு ஆகஸ்டில் மணப்பதாக ஏற்பாடு. திருமணத்துக்குச் சில நாள் முன்பு, சேமிப்பான 900 சொச்சம் டாலரைப் போட்டு வைத்திருந்த வங்கி மூடப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். கடன் வாங்கித்தான் திருமணம் நடந்தது.

கென்டக்கியின் டேட்டன் நகரப் பள்ளியில் முதல் வேலை. அங்கே அவருடைய அணி முதலாண்டில் ஆறு ஆட்டங்களை வென்று பதினொன்றில் தோற்றது. நாற்பதாண்டுப் பயிற்றுவிப்பில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஆண்டு அது ஒன்றே. 1934இல் இந்தியானாவின் சவுத் பெண்ட் நகர மத்தியப் பள்ளிக்கு வந்தார். நம் பார்வையில், அவருடைய வாழ்வின் மையநிகழ்ச்சி அந்த ஊரில்தான் நடந்தது. ஆடுகளத்தில் அன்று, ஆங்கில வகுப்பறையில்.

மாணவர்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகளில் மதிப்பிடுவது அங்கே வழக்கம். 'சி' என்பது சராசரி. அடுத்த வீட்டுப் பிள்ளை 'சி' வாங்கினால் பெற்றோருக்கு அது இயல்பாகத் தெரிந்தது. தம் பிள்ளை வாங்கினால், பிள்ளையோ ஆசிரியரோ தவறிவிட்டார் என்றார்கள். தன்னால் இயன்ற அனைத்தையும் செய்து 'சி' வாங்கிய பையன் தலைகுனிந்து வீட்டுக்குப் போவதையும், சற்றும் முயலாமல் 'ஏ' வாங்கியவன் பாராட்டப்படுவதையும் பார்த்து அந்த இளம் ஆசிரியர் குழம்பினார். மதிப்பெண் எதைத்தான் அளக்கிறது? அவர் தமக்கென ஒரு விளக்கம் எழுதிக்கொண்டார். தான் ஆகக்கூடிய அளவுக்குத் தன்னைச் சிறப்பாக்கிக்கொள்ள முழுமுயற்சி செய்தேன் என்று ஒருவன் அறிவதால் பிறக்கும் மனநிறைவே வெற்றி என்பது அதன் சாரம். அதை அறியக்கூடியவன் அவன் ஒருவன்தான். ஆசிரியரும் பெற்றோரும் ஊராரும் வெளியிலிருந்து ஊகிக்கத்தான் முடியும்.

ஆசிரியனை நிறைகோலுக்கு ஒப்பிடுகிறது நன்னூல். ஐயமற உண்மையைக் காட்ட வேண்டும், நடுநிலை பிறழக் கூடாது. ஆண்டுதோறும் அதை வகுப்பில் நடத்துகிறோம். பருவத் தேர்வு முடிந்ததும் துறைக் கூட்டத்தில் கேட்கப்படுவதோ, உங்கள் தாளில் தேர்ச்சி எத்தனை விழுக்காடு என்பது மட்டும். ஒரு முறை, மூன்று பருவமாக இலக்கணத் தாளில் தவறிவந்த மாணவி ஒருத்தி 41 மதிப்பெண் பெற்றுத் தேறினாள். பேருந்து பிடித்து நாளும் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்தவள். அதே தாளில் 88 பெற்ற மாணவனின் பெயரைக் கூட்டத்தில் நாமே பெருமையாகச் சொன்னோம். அவள் பெயரைச் சொல்லத் தோன்றவில்லை. வுட்டனைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பின்னரே அது உறுத்தியது. இது நம் சொந்தக் கணக்கு; இங்கே நிறுத்திக்கொள்கிறோம்.

1943 முதல் மூன்றாண்டுகள் கடற்படையில் பணியாற்றினார். 1946இல் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரியில் பயிற்சியாளரானார். அங்கே நடந்த ஒன்று அவருடைய பட்டங்களுக்குக் குறையாதது. 1947இல் சிறு கல்லூரிகளுக்கான தேசியப் போட்டிக்கு அவருடைய அணி அழைக்கப்பட்டது. கறுப்பின ஆட்டக்காரர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்பது அப்போட்டியின் விதி. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்றொரு கறுப்பின இளைஞர் இருந்தார். முன்னணி ஆட்டக்காரர் அல்லர், மாற்று வரிசையில் இருந்தவர். அவரை விட்டுவிட்டுப் போயிருந்தால் அணிக்கு இழப்பு அதிகமில்லை. வுட்டன் அழைப்பை மறுத்தார். மறு ஆண்டு எதிர்ப்புகளுக்குப் பின் விதி நீக்கப்பட்டது. வாக்கர் அப்போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். இறுதி ஆட்டத்தில் அணி தோற்றது.

1948இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அவர் போனதும் ஒரு பனிப்புயலின் வேலை. உண்மையில் அவர் விரும்பியது மினசோட்டா பல்கலைக்கழகத்தை. குறித்த நேரத்தில் அங்கிருந்து தொலைபேசி அழைப்பு வரவில்லை. புயலில் இணைப்பு அறுந்திருந்தது. பிறகு அழைத்த யூ.சி.எல்.ஏ.வுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். சற்று நேரத்தில் மினசோட்டா அழைத்தது. கொடுத்த சொல்லை மாற்ற முடியாது என்று கூறிவிட்டார். போய்ச் சேர்ந்த இடம் சொர்க்கமன்று. காற்றோட்டமில்லாத பழைய உடற்பயிற்சிக் கூடத்தில், ஒருபுறம் மல்யுத்தமும் மறுபுறம் ஜிம்னாஸ்டிக்ஸும் நடக்க, நடுவில் கூடைப்பந்து. பயிற்சிக்கு முன்பு தரையைத் தாமே துடைப்பத்தால் கூட்டுவார். முதல் தேசியப் பட்டம் வந்தது 1964இல். பதினாறாம் ஆட்டப் பருவத்தில். இன்றைக்கு எந்த நிர்வாகம் ஒருவரை அத்தனை காலம் பொறுத்திருக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

அதன் பின் நடந்தவை ஆவணமாகவே உள்ளன. 1964இன் அணியில் ஆறடி ஐந்தங்குலத்துக்கு மேற்பட்டவர் தொடக்க ஐவரில் எவருமில்லை. ஆயினும் 30 ஆட்டங்களிலும் வென்றது. அடுத்து வந்தார் ஏழடியைத் தாண்டிய லூ ஆல்சிண்டர். பின்னாளில் கரீம் அப்துல்-ஜபார் என்று உலகறிந்தவர். அவருக்குப் பின் பில் வால்ட்டன்.

நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு, இவற்றினும் சுவையானது அவர் பயிற்சியை நடத்திய முறை. இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு ஏறக்குறைய அதே அளவு நேரம் திட்டமிடுவார். எந்த நிமிடத்தில் எது என்பதைச் சிறு அட்டைகளில் எழுதிவைப்பார். முந்தைய ஆண்டுகளின் குறிப்புகளும் கைவசம் இருக்கும். முதலில் விளக்குவது, பிறகு செய்து காட்டுவது, மாணவர் அதைப் பார்த்துச் செய்வது, திருத்துவது, பின் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது என்பதே அவருடைய கற்பித்தல் நெறி. முழு ஆட்டத்தைக் காட்டிவிட்டு அதைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் பழக்கி, மீண்டும் முழுமையாகச் சேர்ப்பார். செய்யுளை முழுதும் ஓதிக்காட்டி, பதம் பிரித்து, பொருள் கூறி, மீண்டும் முழுச் செய்யுளாக ஓத வைக்கும் தமிழாசிரியருக்கு இது புதிதன்று.

1974-75 பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து 15 பயிற்சிகளில் அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் குறித்தார்கள். உணர்ச்சி பொங்கும் உரைகளை எதிர்பார்த்துப் போயிருப்பார்கள் போலும். கணக்கில் வந்தவை 2,326 கற்பித்தல் செயல்கள். பாராட்டும் கண்டிப்பும் தனித்தனியே நூற்றுக்கு ஏழைக்கூட எட்டவில்லை. முக்கால் பங்கு வெறும் செய்தி: எதைச் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது செய்வது. ஒருவன் தவறினால் சரியான முறையைச் செய்து காட்டுவார், அவன் செய்த தவறைச் செய்து காட்டுவார், மீண்டும் சரியானதைக் காட்டுவார். மூன்றும் சேர்ந்து சில நொடிகள். அவனைப் பற்றிய தீர்ப்பு எதுவும் அதில் இராது. 'உனக்கு இது வராது' என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று நம் வகுப்பிலும் யாரேனும் எண்ணிப் பார்த்திருந்தால் என்னவாகும் என்ற அச்சம் இதைப் படித்தபோது எழுந்தது.

அவர் வரைந்த 'வெற்றிப் பிரமிடு' என்ற பதினைந்து கற்களாலான படம் பெரும்புகழ் பெற்றது. வணிக மேலாண்மைக் கூட்டங்களில் அதைச் சுவரில் மாட்டுகிறார்கள். நமக்கு அதில் ஈடுபாடில்லை. நற்பண்புகளின் பட்டியல் எல்லா ஊரிலும் கிடைக்கும். காலுறைப் பாடம் எளிதில் கிடைக்காது.

அவரைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. லாஸ் ஏஞ்சல்ஸின் செல்வந்தர் ஒருவர் அணியின் ஆட்டக்காரர்களுக்குச் சலுகைகளும் பரிசுகளும் வழங்கிவந்தது, அவர் ஓய்வு பெற்ற பின்னர் 1980களின் தொடக்கத்தில் செய்தித்தாள்களில் விரிவாக வெளிவந்தது. வுட்டன் அதில் கைநனைத்தார் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் சுருக்கமில்லாத காலுறைவரை கவனித்த கண்ணுக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று என்ற கேள்வி நிற்கிறது. பொது இடத்தில் முதிய பெண்மணி ஒருவர் ஆல்சிண்டரை இனஇழிசொல்லால் குறித்தபோது வுட்டன் அருகிலேயே இருந்தார். திகைத்துப்போய் ஒன்றும் பேசவில்லை. அப்துல்-ஜபார் 2017இல் தம் ஆசிரியரைப் பற்றி வெளியிட்ட அன்பு ததும்பும் நூலில் இதையும் மறைக்கவில்லை.

இன்னொன்று. 1970இல் பட்டம் வென்ற அணிக்கு நடந்த விருந்தில், கடைசி ஆண்டு மாணவர் ஒருவர் எழுந்தார். பெரும்பாலும் ஓர இருக்கையில் உட்கார்ந்தே காலம் கழித்தவர். நட்சத்திரங்களுக்கு ஒரு நீதி, எங்களுக்கு ஒரு நீதி என்று அனைவர் முன்னிலையிலும் தம் கசப்பைக் கொட்டினார். எல்லாரையும் ஒரேபோல் நடத்துவது நியாயமாகாது, ஒவ்வொருவரையும் அவரவர்க்கு உரியபடி நடத்துவதே நியாயம் என்பது வுட்டனின் நீண்டநாள் கொள்கை. சொல்லளவில் அது சரியே. ஓரத்தில் இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும் என்பதை அந்த விருந்து காட்டியது. பயிற்றுவிப்பது பன்னிரண்டு பேரை, ஆடுவதோ ஐவர். பயிற்றுவிப்பவர் தீர்க்கவே முடியாத கணக்கு அது.

அதே இருக்கையில் சில ஆண்டு கழித்து இன்னொருவர் உட்கார்ந்தார்: நெதர்லாந்தில் பிறந்த ஸ்வென் நேட்டர். பில் வால்ட்டனுக்கு மாற்றாள். வால்ட்டன் இருக்கும்வரை தொடக்க ஐவரில் இடம் கிடைக்கவே கிடைக்காது. கிடைக்கவும் இல்லை. கல்லூரியில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடாத அவர், நாள்தோறும் பயிற்சியில் நாட்டின் மிகச்சிறந்த நடுக்களக்காரரோடு மோதிக் கற்றதாலேயே, 1973இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு தாம் ஆடிய சங்கத்தின் சிறந்த புதுமுகமும் ஆனார். பிற்காலத்தில் காலிமோருடன் சேர்ந்து வுட்டனின் கற்பித்தலைப் பற்றி நூலொன்றும் எழுதினார். அதைவிட நமக்கு இனியது, அவர் கவிதை எழுதியது. பழைய ஆசிரியருக்காக நூற்றுக்கு மேற்பட்ட கவிதைகளை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஆடுகளத்தில் பந்து தட்டிய ஏறத்தாழ ஏழடி மனிதர் யாப்போடு மல்லுக்கட்டினார் என்றால், அந்த ஆங்கில ஆசிரியரின் வகுப்பு சவுத் பெண்டில் முடிந்துவிடவில்லை என்றுதான் பொருள்.

அந்தச் சவுத் பெண்டில்தான் 88 ஆட்டத் தொடரும் முடிந்தது. 1974 ஜனவரி 19 அன்று, அவ்வூரின் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியிடம் 71க்கு 70 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். மறு ஆண்டு அரையிறுதியில் தம் பழைய மாணவர் டென்னி கிரம் பயிற்றுவித்த லூயிவில் அணியை ஒரு புள்ளியில் வென்றதும், ஆடையறைக்குப் போய் ஓய்வு பெறுவதாக மாணவர்களிடம் கூறினார் வுட்டன். இரண்டு நாள் கழித்துப் பத்தாவது பட்டம் வந்தது. 27 ஆண்டுகளில் அவருடைய சம்பளம் ஆண்டுக்கு 35,000 டாலரைத் தாண்டியதில்லை.

ஓய்வுக்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். 1985 மார்ச் 21 அன்று நெல்லி மறைந்தார். ஒவ்வொரு மாதமும் 21ஆம் நாள் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, கட்டிலில் அவர் தலையணைமேல் முந்தைய கடிதங்களோடு சேர்த்து வைத்தார். கண்பார்வை மங்கி எழுத முடியாமற்போகும்வரை இது தொடர்ந்தது. 2003இல் பல்கலைக்கழக ஆடுகளத்துக்கு அவர் பெயரைச் சூட்ட விரும்பியபோது, மனைவி பெயர் முதலில் வர வேண்டும் என்றார். 'நெல் - ஜான் வுட்டன் ஆடுகளம்' என்றே அது வழங்குகிறது. என்சினோ பகுதியில் இருந்த அவருடைய சிறு அடுக்ககத்துக்குப் பழைய மாணவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நீள்முடியோடு வந்து, 'உன் கொள்கையை மதிக்கிறேன். ஆனால் நீ இல்லாதது எங்களுக்குக் குறையாக இருக்கும்' என்ற பொருளில் ஆசிரியர் சொன்னதும் முடிவெட்டக் கடைக்கு ஓடிய பில் வால்ட்டன், நரைத்த பின்பும் அவரைத் தொலைபேசியில் விடாது அழைத்துவந்தார்.

2010 ஜூன் 4 அன்று, நூறு வயதுக்குச் சில மாதங்கள் இருக்கையில் வுட்டன் காலமானார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 2001இல், அறிஞர்களும் தொழில்முனைவோரும் கூடும் ஓர் அவையில் அவர் ஆற்றிய உரை காணொளியாகக் கிடைக்கிறது. வயது தொண்ணூறு. கையில் குறிப்பேதும் இல்லை. கவிதைகளை நினைவிலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார். பத்துப் பட்டங்களின் சொந்தக்காரர் எங்கிருந்து தொடங்குவார் என்று அவை காத்திருக்கிறது. 1934இல் சவுத் பெண்டில் பள்ளியாசிரியராக இருந்தபோது, தம்மிடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பெற்றோர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார்.